மரப்பும் இல்ல, மரபும் இல்ல: எம்எஸ்ஸுக்குத் தமிழ்ல என்ன பேரு?

போன வாரம் சித்தி போன் பண்ணி, "ஏன்டா, அவளுக்கு வந்திருக்கிறது மரபு நோயாமே, அப்ப பேத்திக்கும் வருமா?"ன்னு கேட்டாங்க. அவள்னு சொன்னது அவங்க மருமகளை. முப்பது வயசு, ஆறு மாசம் முன்னாடிதான் எம்ஆர்ஐ எடுத்துட்டு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்னு சொல்லியிருக்காங்க, சுருக்கமா எம்எஸ், மூளை தண்டுவட நரம்புல வர்ற நோய். யாரு சித்தி மரபு நோய்னு சொன்னதுன்னு கேட்டா வாட்சப்ல வந்த ஒண்ணை அனுப்பி வச்சாங்க, தொறந்து பாத்தா தலைப்பு 'தண்டுவட மரப்பு நோய்'. நடுவுல இருந்த ஒரு ப் சித்தி கண்ணுல படல, அதுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போயிருக்கு. இந்தச் சொல்லு மேல எனக்கு ரொம்ப நாளாவே கடுப்பு, இன்னிக்கு எழுதிடுறேன்.

மூலச் சொல்லுல பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. கிரேக்கத்துல ஸ்க்லீரோஸ்னா கெட்டியானது. கண்ணோட வெள்ளைப் பகுதிக்கு ஸ்க்லீரான்னு பேரு வந்ததும் அதே வேர்ல இருந்துதான். 1868ல பாரிஸ் சால்பெட்ரியர் ஆஸ்பத்திரியில இருந்த நரம்பு டாக்டர் ஷார்கோ இதைத் தனி நோயா விவரிச்சார். இறந்தவங்க மூளையிலயும் தண்டுவடத்துலயும் திட்டுத்திட்டா இறுகின இடங்கள் இருந்துச்சு, அதையே பிரெஞ்சுல பேரா வச்சார். அந்தத் திட்டு பல இடத்துல இருக்கிறதால இங்கிலீஷ்ல மல்டிபிள். அவ்வளவுதான்.

இப்ப மரப்புக்கு வருவோம். மரத்துப்போறதுன்னா நம்ம ஊர்ல உணர்ச்சி இல்லாம போறது. இல்லீங்க, மரம் மாதிரி கெட்டியாகுறதுன்னு எடுத்துக்கணும்னு ஒருத்தர் என்கிட்ட சண்டைக்கே வந்தார். கால் மரத்துப்போச்சுன்னு சொல்றவங்க யாராவது கால் கட்டையா இறுகிடுச்சுன்னு நெனச்சுச் சொல்றாங்களா? தண்டுவட மரப்புன்னு கேட்டா எனக்கு ஞாபகம் வர்றது சிசேரியனுக்கு முதுகுல போடுற ஊசிதான். மரத்துப்போறது இந்த நோயோட அறிகுறிகள்ல ஒண்ணு, மறுக்கல. ஆனா சோர்வு இருக்கு, நடை தள்ளாடுறது இருக்கு, கழுத்தைக் குனிஞ்சா முதுகு வழியா கரண்ட் அடிச்ச மாதிரி இறங்குறது இருக்கு, வெயில்லயோ வெந்நீர்லயோ உடம்பு சூடானா எல்லாம் கொஞ்ச நேரம் மோசமாகுறது இருக்கு.

அதோட தண்டுவடம் மட்டுமா? சித்தி மருமகளுக்கு முதல்ல வந்தது கண்ணுல. ஒரு கண்ணு மங்கி, கண்ணை அசைச்சா வலி, கண் டாக்டர்தான் நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பினார். நெறைய பேருக்கு இப்படித்தான் ஆரம்பிக்குது. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே ஆள் மாறி, மூளை, தண்டுவடம், பார்வை நரம்புல இருக்கிற நரம்பிழைகளைச் சுத்தின மயலின் உறையைத் தின்னுடுது, உறை போன இடத்துல சிக்னல் தடுமாறுது, ஆறின இடத்துல தழும்பு விழுது. பெரும்பாலானவங்களுக்கு ஆரம்பத்துல வந்து வந்து அடங்கும். சொந்தத்துல ஒருத்தருக்கு இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடுமே தவிர, மரபு நோய்னு முத்திரை குத்துற மாதிரி அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்கு நேரா இறங்குறது இல்ல. ஒரு ப் விட்டுப்போனா இவ்வளவும் தலைகீழாகுற பேரை எதுக்கு வைக்கணும்?

இன்னொரு கோஷ்டி 'பன்முகக் கடினமாதல்'னு எழுதுது. சிலபேர் முன்னாடி 'திசு'வும் சேத்துக்கிறாங்க, எந்தத் திசுன்னு கேக்கக்கூடாது போல. பன்முகம்னா பல முகம், பன்முகத் திறமைன்னு பட்டிமன்றத்துல ஆளை அறிமுகப்படுத்துவாங்களே அது. இங்க மல்டிபிள்னா பல இடம், பல முகம் இல்ல. கடினம்னா பரீட்சை கடினம், பொழப்பு கடினம். அகராதியில முதல்ல கண்ணுல பட்ட ரெண்டு சொல்லை எடுத்து ஒட்டிட்டு, நோயாளி அதைப் படிச்சா என்ன புரியும்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்காம அடுத்த வரிக்குப் போயிடுறாங்க. மருத்துவ மொழிபெயர்ப்புல முக்காவாசி இந்தக் கதிதான், படிச்ச ஆளே கடைசியில இங்கிலீஷ் பேரைக் கேட்டுத்தான் புரிஞ்சுக்கிறார்.

என் ஓட்டு தழும்புக்கு. ஆனா 'பல்தழும்பு'ன்னு வச்சா பல்லு பட்ட தழும்புன்னு நெனப்பாங்க, இலக்கணப்படி சேத்தா, பல்லும் துளியும் சேந்து பஃறுளி ஆறுன்னு ஆன மாதிரி 'பஃறழும்பு'ன்னு வரும், அதைச் சொல்றதுக்கே நாக்கு மரத்துடும். அதனால 'நரம்புறைத் தழும்பு நோய்'. கை கால் நரம்புக்கும் மயலின் உறை உண்டே, அதை இந்த நோய் தொடாதேன்னு ஒரு டாக்டர் மடக்கலாம், நியாயம்தான். அப்ப 'மூளை தண்டுவடத் தழும்பு நோய்'னு நீட்டிக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்ல. பேச்சுல எம்எஸ்னே இருக்கட்டும்.

சித்திகிட்ட மரபும் இல்ல மரப்பும் இல்ல, உள்ள நரம்பு மேல இருக்கிற உறையில தழும்பு விழுறதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அம்மைத் தழும்பு மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணாவாடா?"ன்னாங்க.