புள்ளி போட்ட டேஷ்போர்டை வழவழப்பாக்கும் முன்

போன மாசியில் மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி தன் பழைய காரைக் கும்பகோணத்தில் இருக்கும் என் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். கம்பெனியில் வார்த்த சொரசொரப்பான பொடிப் புள்ளிகள் எல்லாம் மறைந்து, டேஷ்போர்டு முழுக்கப் பளபளவென்று கறுப்பு. வேறொரு பட்டறையில் அடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லையாம். குளோவ்பாக்ஸ் மூடியின் ஓரத்தில் நகத்தை வைத்து லேசாக இழுத்தேன். வாழைமட்டை உரிகிற மாதிரி ஒரு சாண் நீளத்துக்குக் கையோடு வந்துவிட்டது. அடியில் பிளாஸ்டிக் எந்தச் சேதமும் இல்லாமல் இருந்தது, பெயிண்ட் அதைத் தொட்டதே இல்லை என்பது போல.

“பெயிண்ட் மட்டமா அண்ணே?” என்றார். பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். மூடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பிபி’, பக்கத்திலேயே ‘டிடி20’ என்று அச்சு வார்த்திருந்தது. பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். டிடி20 என்றால் அதில் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் பொடி கலந்திருக்கிறது. இந்தப் பிளாஸ்டிக்குக்கு எதையும் ஒட்டவிடாத குணம் உண்டு. தாமரை இலைத் தண்ணீர் கதைதான். அடீஷன் புரொமோட்டர் என்று ஒரு கண்ணாடித் தண்ணீர் போன்ற திரவம் இருக்கிறது. முதலில் அதை மெல்லிசாக அடித்து, அதன் டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்குள் அடுத்த கோட் ஏற வேண்டும். அதை விட்டுவிட்டு எத்தனை கோட் அடித்தாலும் உரியத்தான் செய்யும். ஏபிஎஸ் என்று போட்டிருந்தால் அது வேறு வகைப் பிளாஸ்டிக், கவலை குறைவு, பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். ஒரே காரில் மேல்பலகை பிபியாகவும், நடுவில் ஏசி, ஸ்டீரியோ சுற்றியுள்ள சட்டம் ஏபிஎஸ்ஸாகவும் இருப்பது சாதாரணம். ஒவ்வொரு பாகத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

தேய்க்கும்போதே வித்தியாசம் கைக்குத் தெரியும். ஏபிஎஸ்ஸை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். பிபியைத் தேய்த்தால் பஞ்சு எழும்பும், பூனைமுடி மாதிரி. அதன் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தால் ஒவ்வொரு முடியும் விறைத்து நிற்கும். புள்ளியை எடுக்கப் போய் முள்ளை வாங்கிய கதை.

இன்னொன்று, தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். நம் ஆட்கள் தேய்த்துவிட்டுத் துடைப்பார்கள், தப்பு. வாட்டர் வாஷ் கடையில் வாரா வாரம் போடும் டேஷ்போர்டு பாலிஷில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும். அது புள்ளிகளின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாளே அதை உள்ளே ஏற்றிவிடும். பிறகு பெயிண்ட் விழுந்ததும் அங்கங்கே விலகி, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக நிற்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டு இரண்டு தடவை கழுவி, காய்ந்த பின் கிரீஸ் எடுக்கும் திரவத்தால் துடைத்தால் சரி.

பள்ளத்தை நிரப்பும் பட்டி விஷயத்தில், இரும்புக் கதவுக்குப் போடுவதையே இங்கும் போடுகிறார்கள். பிளாஸ்டிக் வெயிலில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். சித்திரையில் மகாமகக் குளத்தோரம் கார் நாள் முழுக்க நின்றால் மேல்பலகையில் கை வைக்க முடியாது. சாயங்காலம் ஏசி போட்டதும் அதே பலகை சுருங்கும். விறைப்பான பட்டி அதோடு நீளாது, வெடிக்கும். பிளாஸ்டிக்குக்கென்று வளைந்துகொடுக்கும் பட்டி தனியாகக் கிடைக்கிறது. புள்ளி மெல்லியதாக இருந்தால் பட்டியே வேண்டாம், கனமாக நிரப்பும் பிரைமரை இரண்டு மூன்று தடவை அடித்து 320, 400, 600 நம்பர் உப்புத்தாள் என்று வரிசையாகத் தேய்த்தால் போதும். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசி, காயவிட்டுத் தேய்ப்பார்களே, அதே பொறுமைதான் இதற்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்தத் தம்பி, “சரிண்ணே, நீங்களே முறையா செஞ்சு கொடுங்க, மேல கண்ணாடி மாதிரி இருக்கணும்” என்றார். மேல்பலகைக்கு மாட்டேன் என்றேன்.

அந்தப் புள்ளி அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. மேலிருந்து விழுகிற வெயிலை நாலா பக்கமும் சிதறடிப்பதற்காகவும் வைத்தது. வழவழப்பாக்கி, கிளியர் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சை மேலே அடித்தால் அதே வெயில் நேராக முன்கண்ணாடிக்குப் போய் உங்கள் கண்ணுக்குத் திரும்பும். சந்தேகமிருந்தால், பகலில் ஒரு வெள்ளைத் தாளை டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையிலிருந்து பாருங்கள். சாலைக்கு மேல் ஒரு தாள் மிதக்கும். பளபளப்பான பலகை என்றால் அந்தத் தாள் கண்ணாடி அகலத்துக்கு. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கே பார்த்து ஓட்டுகிறவருக்கு, அறுவடை நேரத்தில் எதிரே வைக்கோல் ஏற்றி வரும் டிராக்டர் அந்த வெளிச்சத்துக்குள் கரைந்துவிடும்.

அடுத்தது ஏர்பேக். 2019 ஜூலையிலிருந்து நம் நாட்டில் புதிய கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். 2021 ஏப்ரலில் புது மாடல்களுக்குப் பக்கத்து இருக்கைக்கும் வந்துவிட்டது. பக்கத்து இருக்கை ஏர்பேக் டேஷ்போர்டுக்குள்தான் இருக்கிறது. பல கார்களில் மூடியே வெளியில் தெரியாது. உள்பக்கம் மெல்லிய கோடாகச் செதுக்கி வைத்திருப்பார்கள், விபத்தில் அந்தக் கோட்டில்தான் கிழிய வேண்டும். அதன் மேல் பட்டி போட்டு மூடினால் திறப்பது தடைபடலாம், இல்லாவிட்டால் பட்டி சில்லுச் சில்லாக முகத்துக்குப் பறக்கும். இருக்கிற ஒரே அடையாளம் ‘எஸ்ஆர்எஸ் ஏர்பேக்’ என்ற பொறிப்பு. தேய்க்கிறவர் முதலில் அழிப்பதும் அதைத்தான். அந்தப் பகுதியை நான் தொடுவதில்லை. பாகங்களைக் கழற்றுவதென்றால்கூட பேட்டரி நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு, அந்தக் காரின் கையேட்டில் போட்டிருக்கும் நேரம் காத்திருந்துதான் கை வைப்பேன். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயர் என்று எங்கள் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

காருக்குள்ளேயே வைத்து அடிப்பதும் வேண்டாம். இறுகுவதற்காக ஹார்டனர் கலக்கும் கிளியரில் ஐசோசயனேட் என்ற மூச்சைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது. மூக்கில் கட்டும் கைக்குட்டை அதற்குத் தடுப்பே இல்லை. ஒருமுறை ஆஸ்துமா பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் வாடை பட்டாலும் மூச்சு இழுக்கும். கழற்றி வெளியே வைத்து, சரியான முகமூடி போட்டு அடிக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் அதுவும் வேண்டாம். தின்னர் பறக்கும்போது பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கிளியர் பால் ஊற்றிய மாதிரி வெளுக்கும். தையில் மழை இருக்காது, ஆனால் அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசு பட்டறைக்குள்ளே வந்து ஈரப் பெயிண்டில் உட்காரும். டெல்டாவில் இந்த வேலைக்கு எனக்குத் தோதான மாதம் மாசிதான்.

அந்தத் தம்பி அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டார். ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள சட்டத்தையும் கதவுக் கைப்பிடிப் பட்டைகளையும் மட்டும் வழவழப்பாக்கிக் கறுப்பு அடித்தோம். குளோவ்பாக்ஸ் மூடிக்கு உரித்து எடுத்த பிறகு பெயிண்டே தேவைப்படவில்லை. மேல்பலகையில் பழைய பெயிண்ட் போகப் போகப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பாதிக்கு மேல் அதைக் கையாலேயே உரித்தார் அவர், டீ ஆறிப்போனது தெரியாமல்.