மேடை மறுப்பு: நோ-பிளாட்பார்மிங் என்ற சொல் வந்த வழி

பிரிட்டிஷ் தத்துவப் பேராசிரியர் கேத்லீன் ஸ்டாக் பற்றி எழுத உட்கார்ந்தால், முதல் பத்தியிலேயே காலை வாரும் சொல் ஒன்று உண்டு: நோ-பிளாட்பார்மிங். ‘பேச்சுத் தடை’, ‘புறக்கணிப்பு’, ‘கருத்துரிமைப் பறிப்பு’ என்று கைக்கு வந்ததைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இவை எதுவும் அந்தச் சொல்லுக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

ஒருவருடைய கருத்து தீங்கானது, அதைப் பேச நம் இடத்தைத் தரக்கூடாது என்று ஓர் அமைப்பு முடிவெடுப்பதுதான் இதன் நேர்ப்பொருள். பிளாட்பார்ம் என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘தட்டையான வடிவம்’ என்பதே அதன் மூலப்பொருள். பிறகு அது பேச்சாளர் ஏறி நிற்கும் உயர்ந்த பரப்பைக் குறித்தது. தமிழுக்கு வந்த பிளாட்பாரமோ ரயில் நிலையத்தோடும் தெருவோரத்தோடும் நின்றுவிட்டது. ‘பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டான்’ என்றால் எல்லாம் இழந்தவன் என்று அர்த்தம். அதனால் ‘பிளாட்பார மறுப்பு’ என்று எழுதினால், தெருவோரத்திலும் படுக்க இடமில்லை என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

நோ பிளாட்பார்ம் என்ற தொடர் 1970களின் பிரிட்டிஷ் இடதுசாரி மாணவர் இயக்கத்தில் புழங்கத் தொடங்கியது. நேஷனல் ஃப்ரன்ட் என்ற இனவெறிக் கட்சி வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. 1974 ஏப்ரலில் தேசிய மாணவர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: வெளிப்படையான இனவெறி, பாசிச அமைப்புகளுக்குக் கல்லூரிகளில் எந்த உதவியும் கூடாது, அவற்றின் உறுப்பினர்கள் பேசுவதைத் தடுக்க வேண்டும், தேவைப்பட்டால் கூட்டத்தையே குலைக்கலாம். அப்போதே சங்கத்துக்குள் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. குறி வைக்கப்பட்டவை அமைப்புகள் என்பதைக் கவனியுங்கள். தனி ஆளின் ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு அவருக்கு மேடை மறுப்பது பின்னாளில் வந்த வழக்கம். 2015இல் பெண்ணியர் ஜெர்மெய்ன் கிரீர், திருநங்கைகளைப் பற்றிச் சொன்ன கருத்துகளுக்காக, கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் பேசக்கூடாது என்று மனு கிளம்பியது. கூட்டம் என்னவோ நடந்துவிட்டது. இருந்தாலும் செய்திகளில் அதற்கும் நோ-பிளாட்பார்மிங் என்றே பெயர்.

ஸ்டாக் விஷயத்துக்கு வருவோம். அவர் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். பால் என்பது உடல் சார்ந்தது, சட்டமும் கொள்கையும் வகுக்கும்போது அதன் இடத்தில் பாலின அடையாளத்தை, அதாவது ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வதை, வைக்க முடியாது என்பது அவர் வாதம். திருநர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றும் அவர் சொல்வதுண்டு. திருநர்களின் வாழ்வையும் உரிமையையும் இந்த வாதமே குலைக்கிறது என்பது எதிர்த்தரப்பின் பதில். 2021 அக்டோபரில் அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி வளாகத்தில் சுவரொட்டிகள் முளைத்தன, முகமூடி அணிந்தவர்கள் போராடினார்கள். துணைவேந்தர் அவருடைய கல்விச் சுதந்திரத்தை ஆதரித்துப் பேசினார். அப்படியும் அந்த மாத இறுதியில் ஸ்டாக் ராஜினாமா செய்தார்.

இதைப் பலரும் நோ-பிளாட்பார்மிங் என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரும் அவருக்கு மேடை மறுக்கவில்லை. நடந்தது, வேலையிடத்தில் இருக்க முடியாதபடி கொடுத்த நெருக்கடி. அது மேடை மறுப்பைவிடக் கடுமையானது என்பேன்.

2023 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்ட் யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தில் நடந்ததும் மேடை மறுப்பு அல்ல. அழைப்பை ரத்து செய்யச் சொல்லி எதிர்ப்பு கிளம்பியது, யூனியன் அசையவில்லை. ஸ்டாக் பேசிக்கொண்டிருக்கும்போது போராட்டக்காரர் ஒருவர் கையைப் பசையால் தரையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வந்து கையைப் பிரித்து எடுக்கும்வரை கூட்டம் நின்றது, அப்புறம் தொடர்ந்தது. மேடை கிடைத்தது, கூட்டம்தான் இடையில் குலைந்தது.

இனி தமிழ்ச் சொல். ‘தடை’ என்றால் அரசோ நீதிமன்றமோ போட்டது என்ற எண்ணம் வரும். மாணவர் சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. ‘புறக்கணிப்பு’ என்பது நான் உன் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்பது. இதுவோ நீ வராதே என்பது. ‘மேடை மறுப்பு’ இரண்டு சிக்கலிலும் மாட்டாது. மேடு என்ற சொல்லின் உறவான மேடை, மேடைப்பேச்சு, மேடை ஏறுதல் என்று நம் அரசியல் பேச்சில் ஊறிப்போன சொல். ‘மேடை மறுக்கப்பட்டவர்’ என்று வினையாக்கவும் வசதி. கொடுத்த அழைப்பைத் திரும்பப் பெற்றால் அதற்கு ‘அழைப்பு ரத்து’ போதும். 2019இல் கேம்பிரிட்ஜ், கனடிய உளவியல் பேராசிரியர் ஜோர்டன் பீட்டர்சனுக்குத் தருவதாகச் சொன்ன வருகைதரு ஆய்வாளர் பொறுப்பைத் திரும்பப் பெற்றது இந்த வகை. சமூக ஊடக நிறுவனம் ஒருவரின் கணக்கை முடக்கும் டீ-பிளாட்பார்மிங் வேறு. அங்கே பிளாட்பார்ம் என்பது தளம், ஆகவே ‘தள நீக்கம்’.