கதிரியக்கமா, கதிர்வீச்சா?

எக்ஸ்ரே எடுக்கும் பகுதிக்குக் ‘கதிரியக்கவியல் துறை’ என்று பலகை மாட்டியிருக்கும் மருத்துவமனைகள் உண்டு. எக்ஸ்ரே அறையிலோ கதிரியக்கம் துளியும் கிடையாது. குழாய்க்கு மின்சாரம் போகும்வரைதான் கதிர் வரும். நிறுத்தினால் அந்த நொடியே நின்றுவிடும். அங்கே நடப்பது கதிர்வீச்சு மட்டுமே.

1896இல் பாரிசில் ஆன்றி பெக்கெரல் என்ற இயற்பியலாளர், கறுப்புத் தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டின்மேல் யுரேனிய உப்பை வைத்து, வெயிலில் காட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். வெயில் இல்லாத நாட்களில் இழுப்பறையில் போட்டுவைத்த தகட்டிலும் உப்பின் தடம் அழுத்தமாக விழுந்திருந்தது. வெளியிலிருந்து எதுவும் ஊட்டாமலே அந்தப் பொருள் கதிரை உமிழ்கிறது என்பது அதில்தான் தெரியவந்தது. இந்தப் பண்புக்கு ‘ரேடியோஆக்டிவ்’ என்ற சொல்லை 1898இல் ஆக்கியவர்கள் மேரி கியூரியும் பியேர் கியூரியும்.

அதிலுள்ள ‘ரேடியோ’வுக்கு வேரான ‘ரேடியஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் என்று பொருள்; ஒளிக்கதிர் என்றும் பொருள். நம் கணக்குப் புத்தகம் ஆரக்காலைப் பிடித்துக்கொண்டு ‘ஆரம்’ என்றது. இயற்பியல் கதிரைப் பிடித்துக்கொண்டது. நெல்லில் முற்றுவதும் கதிர், நூல் நூற்பதும் கதிர், ஞாயிறு வீசுவதும் கதிர் என்பதால் அந்தச் சொல் நமக்குப் புதிதாகவே படவில்லை.

சிக்கல் ‘கதிரியக்கம்’ என்ற தமிழ்ச் சொல்லின் ‘இயக்கம்’ என்ற பாதியில் இருக்கிறது. இயக்கம் என்றால் நகர்வு என்று மனம் எடுத்துக்கொள்ளும். கதிர் பாய்ந்து போவதுதான் கதிரியக்கம் போலும் என்று தோன்றிவிடும். மூலச்சொல்லின் ‘ஆக்டிவ்’ சொல்வது பொருளின் செயல்திறனை. இலங்கைப் பாடநூல்களின் ‘கதிர்த்தொழிற்பாடு’ வாய்க்கு நீளம்தான், ஆனால் பொருளுக்கு நெருக்கம்.

நிலையில்லாத அணுக்கரு தானாகவே சிதைந்து ஆல்பா, பீட்டா, காமா போன்ற கதிர்களை வெளிவிடும் பண்பு கதிரியக்கம். வெளிவந்து பாய்வது கதிர்வீச்சு. அளவைகளும் வேறு: நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைந்தால் 1 பெக்கெரல், உடல் வாங்கிய கதிர்வீச்சைக் கிரேயிலும் சீவெர்ட்டிலும் சொல்வார்கள். ‘சிதைவு’ என்பதை அழிவு என்று படிக்க வேண்டாம். கோபால்ட்-60 சிதைந்தால் நிக்கல்-60 ஆகிறது.

புற்றுநோய் மருத்துவமனையில் இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே பார்க்கலாம். புற்றுக்கட்டிக்குக் கதிர் பாய்ச்சும் கோபால்ட் கருவியின் தலைப்பகுதியில், தடித்த காரீயக் கவசத்துக்குள் கோபால்ட்-60 இருக்கும். இதை எக்ஸ்ரே குழாய்போல நிறுத்த முடியாது, மறைக்கத்தான் முடியும். சிகிச்சை நேரத்தில் மூலம் (கதிரை உமிழும் அந்தக் கோபால்ட்) திறப்புக்கு நேரே நகரும், முடிந்ததும் கவசத்துக்குள் திரும்பும். எப்போதாவது திரும்பாமல் சிக்கிக்கொள்வதுண்டு; அப்போது முதல் வேலை நோயாளியை வெளியே கொண்டுவந்து கதவைச் சாத்துவது. அரை ஆயுட்காலம் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) 5.27 ஆண்டு என்பதால் மூலம் மாதத்துக்குச் சுமார் 1.1 சதவீதம் வலுக்குறையும். அதே அளவு கதிரைக் கொடுக்கச் சிகிச்சை நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இந்தக் கதிரை வாங்கிய நோயாளி பேருந்தில் வீட்டுக்குப் போகலாம், பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம். கோபால்ட்டின் காமாக் கதிருக்கு உடலின் அணுக்கருக்களைக் கதிரியக்கமுள்ளவையாக மாற்றும் அளவு ஆற்றல் கிடையாது.

தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 விழுங்கியவரின் கதை வேறு. மருந்து உள்ளே இருக்கிறது. கதிரை உமிழும் மூலம் இப்போது அவரே. தனி அறை, தனிக் கழிவறை. சிறுநீரில் அயோடின் வெளியேறுவதால் அந்தக் கழிவுநீரை நேரே சாக்கடையில் விடாமல் தொட்டியில் தேக்கிவைப்பார்கள். அரை ஆயுட்காலம் 8 நாள். 80 நாள் தேங்கினால் பத்து முறை பாதியாகி, ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

ஆகவே ‘கதிர்வீச்சு கசிந்தது’ என்று எழுதுமுன் எது கசிந்தது என்று பார்க்க வேண்டும். கவசத்தின் இடுக்கு வழியே கதிர் வந்தால் அது கதிர்வீச்சுக் கசிவு: தள்ளி நின்றால், மறைப்பு வைத்தால் தீர்ந்தது. தூளோ திரவமோ ஆவியோ வெளியேறியிருந்தால் அது கதிரியக்கப் பொருள் கசிவு. அப்போது தள்ளி நின்றால் மட்டும் போதாது. சட்டையில் ஒட்டியது கூடவே வரும். உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டி, சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும்.