அட்டைக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்கங்கள்

செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பணம் கட்டாமலேயே 50 வெள்ளி போனஸ் தருவதாக ஓர் இணையக் கசினோ என் மகனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. வயதை உறுதிசெய்வதற்கு மட்டும் வங்கி அட்டை விவரம் வேண்டுமாம். காசு எடுக்க மாட்டார்களாம். கொடுத்தால் என்ன ஆகும்?”

மலேசியாவில் இணையக் கசினோவுக்கு உரிமம் கிடையாது. 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டமும் பந்தயச் சட்டமும் நடப்பில் உள்ளன. ஆகவே விவரத்தைக் கேட்பவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை அறிய அம்மாவுக்கோ மகனுக்கோ வழியில்லை. வயதுக்காக என்ற காரணமும் நிற்காது, ஏனெனில் 18 வயது நிரம்பாதவர்களுக்கும் இங்கே வங்கிகள் டெபிட் கார்டு கொடுக்கின்றன.

அட்டையின் 16 இலக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆறோ எட்டோ இலக்கங்கள் அட்டையை வழங்கிய வங்கியைக் குறிக்கும். கடைசி இலக்கம் தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிப்பதற்கானது. ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1960இல் காப்புரிமை பெற்ற எளிய கணக்கின்படி அது அமைகிறது. எண்ணைத் தட்டியதும் திரையில் தோன்றும் பச்சைக் குறி பெரும்பாலும் இந்தக் கணக்கின் விடைதான். அந்த நேரத்தில் வங்கியை யாரும் இன்னும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பின்புறத்தில் இருக்கும் மூன்று இலக்கங்கள்தாம் வியப்புக்குரியவை. வங்கி இவற்றை ஏதோ ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கும் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் தேவைப்படும்போதெல்லாம் அவற்றைப் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளவே வங்கியால் முடியும். அட்டை எண்ணின் 16 இலக்கங்கள், காலாவதித் தேதியின் 4 இலக்கங்கள், அவற்றோடு 000 என மொத்தம் 23 இலக்கங்களை ஒரே வரிசையாக்கி, 32 ஆகும்வரை பின்னால் சுழியங்களைச் சேர்த்து, இரண்டு பாதியாகப் பிரிக்கிறார்கள். வங்கி மட்டுமே அறிந்த இரண்டு இரகசியத் திறவுகோல்களில் (நீண்ட எண்களில்) முதலாவதைக் கொண்டு முதல் பாதியை மறையாக்கி, வரும் விடையை இரண்டாம் பாதியோடு கலந்து, மறுபடி முதல் திறவுகோல், அடுத்து இரண்டாம் திறவுகோல், மீண்டும் முதல் திறவுகோல் என்று மாற்றி மாற்றிச் செலுத்துகிறார்கள். முடிவில் எண்களும் எழுத்துகளும் கலந்த 16 குறிகள் கிடைக்கின்றன. இடமிருந்து தொடங்கி, ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளைத் தாண்டிச் சென்று, முதலில் எதிர்ப்படும் மூன்று எண்களை எடுத்துக்கொள்கிறார்கள். பி, 7, ஏ, 4, டி, 1 என்று அந்த வரிசை தொடங்கினால், அட்டையில் 741 அச்சாகும். அட்டை எண்ணையும் தேதியையும் தெரிந்து வைத்திருப்பவரால்கூடத் திறவுகோல் இல்லாமல் 741ஐக் கணக்கிட முடியாது. அந்தத் திறவுகோலோ வங்கியின் தனிக் கருவிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. கருவியை உடைத்துத் திறக்க முயன்றால் அது தன்னிடமுள்ள திறவுகோலைத் தானே அழித்துவிடும்.

இவ்வளவு அழகான கணக்கின் விடையைத்தான் அந்தப் போனஸ் படிவம் ஒரு சிறு கட்டத்தில் நம்மையே தட்டச் சொல்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் அட்டையைச் செருகும்போது, அதிலுள்ள சில்லு (சிப்) ஒவ்வொரு முறையும் வேறொரு மறைகுறியை உருவாக்குவதால், நேற்றைய குறியைத் திருடியவருக்கு இன்று பயனில்லை. அச்சிட்ட 741 அப்படியல்ல, அட்டை காலாவதியாகும்வரை மாறாது. பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தபின் அந்த மூன்று இலக்கங்களைச் சேமித்து வைக்கக் கூடாது என்று அட்டைத் துறையின் பாதுகாப்பு விதி சொல்கிறது; போலித் தளம் அந்த விதிக்குக் கட்டுப்படப் போவதில்லை.

கைப்பேசியில் வங்கிச் செயலி ஒப்புதல் கேட்குமே என்று மகன் சொல்லக்கூடும். அந்தக் கேள்வி எழுவதற்குப் பெரும்பாலும் விற்பவரின் தளம்தான் முதலில் கோரிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பாத தளங்கள் உண்டு. “சரிபார்ப்பு” என்ற பெயரில் ஒரு முறை ஒப்புதல் வாங்கி அட்டையைப் பதிந்து வைத்தால், பின்னர் அட்டைக்காரரைக் கேட்காமலே தொகை எடுக்கும் முறையும் இருக்கிறது. மாதச் சந்தாக்கள் இப்படித்தான் இயங்குகின்றன.

2016இல் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே அட்டைக்கான ஊகங்களைப் பல விற்பனைத் தளங்களில் பரப்பிப் போட்டு, தேதியையும் மூன்று இலக்கங்களையும் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். திருடனைப் போலச் சிந்தித்துப் பார்க்கும் இத்தகைய ஆய்வுக்கு நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விபத்துக்குள்ளான காரின் எண்ணைக் குறித்துக்கொண்டு நாலு நம்பர் லாட்டரிக் கடைக்கு ஓடும் பழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. எண்களின் உண்மையான ஆற்றல் இந்த மறையாக்கக் கணக்கில்தான் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு வகுப்பறையிலேயே காட்டலாம்.

எனவே விவரத்தைக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், வங்கிச் செயலியில் அட்டையை உடனே முடக்கி, வங்கியை அழையுங்கள். பணம் போயிருந்தால், இணைய மோசடிகளைப் புகார் செய்வதற்கான 997 என்ற எண்ணையும் தாமதிக்காமல் அழையுங்கள். ஏடிஎம்மில் தட்டும் ஆறு இலக்க இரகசிய எண்ணை (PIN) மாற்றினால் போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். மேலே சொன்ன 23 இலக்கங்களில் அந்த இரகசிய எண் சேரவில்லை. அதை எத்தனை முறை மாற்றினாலும் விடை அதே 741தான். புதிய அட்டை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.