சேற்றில் நிற்கும் டிராக்டருக்கு டயர் கழற்றும் முன்

மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது வெண்ணாறு, பாமணியாறு வழியாக எங்கள் பக்கத்து வாய்க்கால்களுக்கு வந்து சேர்ந்ததும் டயர் கடைக்கு வரும் போன்களே வேறு மாதிரி ஆகிவிடும். அதுவரை ரோட்டோரம் நின்ற வண்டிகள், இனி வயலுக்குள் நிற்கும். குறுவைக்குச் சேறு அடிக்கும்போது ஒரு சுற்று. சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசியில் இன்னொரு சுற்று. மன்னார்குடி, கோட்டூர், திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் டிராக்டர், டிரெய்லர், டயர் டைப் அறுவடை வண்டி என்று எல்லாவற்றுக்கும் இடத்துக்கே போய் டயர் வேலை பார்க்கிறவன் நான். பஞ்சர் ஒட்டுவதை நம் ஊர் டிரைவர்கள் பலரும் தாங்களே செய்துகொள்வார்கள். அதற்கு முன்னால் வண்டியைத் தூக்குவதிலும், அதற்குப் பின்னால் காற்று அடிப்பதிலும்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள்.

முதலில் தரை. நம் களிமண் மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும், ஒரு சாண் கீழே ஈரம் அப்படியே இருக்கும். ஜாக்கியை வைத்து நாலு தடவை அடித்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். நேராக இறங்கினாலும் பரவாயில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இறங்கும். வண்டியின் எடை அந்தச் சாய்வில் சேர்ந்ததும் ஜாக்கி தெறித்துப் போகும். வேதாரண்யம் பக்கத்து மணல் வேறு மாதிரி: வைக்கும்போது கெட்டியாகத் தெரியும், நட்டைத் தட்டித் திருப்பும் அதிர்விலேயே சரியும்.

அதனால் போனிலேயே நான் முதலில் கேட்பது, "வண்டியை வரப்புத் தாண்டி கெட்டித் தரைக்குக் கொண்டுவர முடியுமா?" என்றுதான். "காத்து இல்லாம ஓட்டுனா டியூப் கிழிஞ்சிடுமேண்ணே" என்பார்கள். உண்மைதான், டியூப் உள்ளே சுருண்டு வால்வு அறுந்துவிடும். அறுந்தால் அறுந்து போகட்டும். நிலத்துக்குள் பத்தடி, இருபதடி மெதுவாக நகர்த்துவதில் போவது ஒரு டியூப். உளையில் ஜாக்கி வைத்து வண்டி சரிந்தால் போவது கால். நெல் ஏற்றிய டிரெய்லர் என்றால் இந்த யோசனை செல்லாது. பாரத்தோடு நகர்த்தினால் டயரின் பக்கச்சுவரும் நைந்துவிடும், கவிழவும் வாய்ப்பு உண்டு. மூட்டையை இறக்குங்கள். கொள்முதல் நிலையத்தில் வரிசை போய்விடுமே என்ற பதற்றம் எனக்கும் தெரியும். ஆனாலும் இறக்குங்கள்.

நகர்த்தவே முடியாத இடம் என்றால் வயலில் நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டடி நீளப் பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு அடுக்கு போட்டு, அதன்மேல்தான் ஜாக்கி. பலகைக்கும் ஜாக்கிக்கும் நடுவில் ஒரு இரும்புத் தகடு இருந்தால் ஜாக்கி மரத்தில் புதையாது. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் வேண்டாம், எடை ஏறும்போது நொறுங்கிவிடும். வண்டி ஏறியதும் ஆக்சிலுக்கு அடியில் கனமான கட்டையால் முட்டுக் கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கான சாமான். தாங்கி நிற்க முட்டுதான் வேண்டும்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய டிரைவர்களிலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை. டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு இரும்பு முளையில் ஊசலாடும்படி மாட்டப்பட்டிருக்கிறது. மேடு பள்ளத்தில் இரண்டு முன் சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே பார்வைக்கு நான்கு சக்கரம் இருந்தாலும், டிராக்டர் முக்காலி மாதிரிதான் நிற்கிறது: பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் அந்த முளை ஒன்று. பின் சக்கரம் ஒன்றைத் தூக்கும்போது வண்டியின் உடம்பு அந்த முளையைச் சுற்றிச் சாயும். முன் சக்கரங்கள் தரையில் அழுத்தமாக நிற்பதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுவோம். முன் ஆக்சிலுக்கும் மேலே இருக்கும் சேஸிஸுக்கும் இடையில், இரண்டு பக்கமும், மர ஆப்பை இறுக்கி அடித்துவிட்டால் இந்த ஆட்டம் நின்றுவிடும். வேலை முடிந்ததும் ஆப்பைக் கழற்ற மறக்கக் கூடாது. ஒரு ஜோடி ஆப்பு செய்ய ஊர் ஆசாரியிடம் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான் ஆகும். டூல் பாக்ஸில் நிரந்தரமாகக் கிடக்கட்டும்.

ரொட்டவேட்டரோ கலப்பையோ மாட்டியிருந்தால் தரையில் இறக்கிவிடுங்கள், இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து வையுங்கள், தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். இரண்டு சக்கர டிரெய்லரைப் பாரத்தோடு கழற்றிவிட்டால் மூக்கு மேலே எகிறலாம், கீழேயும் குத்தலாம். முன்னும் பின்னும் முட்டு வேண்டும்.

சேறு அடிக்கிற வண்டிகளில் பிடிமானத்துக்காகப் பின் டயருக்குள் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். முக்கால் பாகம் நிரப்பினால், நம் ஊரில் பரவலாக ஓடும் 13.6-28 அளவு டயரிலேயே அது 100 லிட்டரைத் தாண்டும். டயர், ரிம், ஒட்டிய சேறு எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆள் தாங்கிப் பிடிக்கிற எடையே இல்லை. அப்படிக் கழற்றிய சக்கரம் ஈரத் தரையில் சாய ஆரம்பித்தால் பிடிக்கப் போகாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். சக்கரத்தைக் கழற்றும் முன் வால்வு அடிப்பக்கம் வரும்படி திருப்பி வைத்து, வால்வு பின்னை எடுத்துத் தண்ணீரை வடித்துவிடுவதுதான் நல்லது. முகத்தை வால்வுக்கு நேரே வைக்க வேண்டாம், முதலில் பீய்ச்சி அடிக்கும்.

அடுத்தது காற்று. டிராக்டர் பின் டயருக்கு வயல் வேலையில் தேவைப்படுவது ஏறத்தாழ 12 முதல் 14 பி.எஸ்.ஐ. மட்டும்தான். உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். லாரி டயருக்கு அடித்துப் பழகிய கை, இதையும் "கல்லு மாதிரி" ஆகும் வரை அடிக்கும். டயர் ஓரம் ரிம்மில் சரியாக உட்காரவில்லை என்று மேலும் மேலும் அடிப்பது அதைவிட மோசம். பல டிராக்டர் டயர்களில், ஓரம் உட்கார 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிக்கக் கூடாது என்று பக்கச்சுவரிலேயே அச்சிட்டிருக்கும். 35 சின்ன எண்தானே என்று நினைக்க வேண்டாம். அது ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 35 பவுண்டு. பின் டயரின் ஒரு பக்கச்சுவர் 1,000 சதுர அங்குலத்துக்கு மேல் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் அந்தச் சுவரை வெளியே தள்ளும் விசை 15 டன்னைத் தாண்டுகிறது. ஓரக் கம்பி அறுந்தால் அத்தனையும் அதற்கு நேரே நிற்பவர் மேல்தான். உட்காரவில்லையா, காற்றை முழுக்க இறக்குங்கள், சோப்புத் தண்ணீர் தடவுங்கள், சேற்றைத் துடையுங்கள், மறுபடி ஆரம்பியுங்கள். ஹோஸ் ஆள் நீளத்துக்கு ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். வால்வில் கவ்வி நிற்கும் கிளிப் வைத்து, பக்கச்சுவருக்கு எதிரே நிற்காமல் பட்டன் (டயரில் தரையைத் தொடும் பகுதி) பக்கமாகத் தள்ளி நின்று அடியுங்கள்.

டியூப்லெஸ் டயரில் பெட்ரோல் தெளித்துக் கொளுத்தி ஓரத்தை உட்கார வைக்கும் வீடியோக்களை இளைஞர்கள் செல்போனில் காட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வைக்கோல் கிடக்கும் வயலில் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். டயரின் நடுச்சுற்றில் தடித்த கயிற்றைக் கட்டி, கம்பி செருகி முறுக்கினால் இரண்டு ஓரமும் ரிம்மை நோக்கி விரியும். காற்று பிடிக்கத் தொடங்கியதும் கயிற்றைத் தளர்த்திவிடலாம்.

லாக் ரிங் (டயர் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் தனி இரும்பு வளையம்) வைத்த லாரி ரிம்மை வயலில் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. டயரை உள்ளே வைத்துக் காற்று அடிக்க இரும்புக் கூண்டு உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். அதுவும் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஓடிய வண்டிகளிலும், யூரியா மூட்டை ஏற்றும் டிரெய்லர்களிலும் ரிங் உட்காரும் பள்ளம் துருப்பிடித்துத் தேய்ந்திருக்கும். வெளியே பெயின்ட் அடித்திருந்தால் தெரியாது. பழைய வகை ஸ்கூட்டர், ஆட்டோ ரிம்கள் பல இரண்டு பாதியாக நட்டுப் போட்டு இணைத்தவை. காற்றை முழுக்க இறக்காமல் அந்த நட்டுகளைத் தொட்டால் பாதி ரிம் பறந்து வரும்.

துருப்பிடித்த வீல் நட் திரும்பவில்லை என்று கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டுகிறார்கள். டயர் ரிம்மில் இருக்கும்போது இது வெடிகுண்டு வேலை. சூட்டில் உள்ளே ரப்பர் கருகி, எரியும் வாயு சேரும். காற்று இறக்கிய டயர்கூட வெடிக்கும். டீசல் ஊற்றி ஊறவிட்டு, நீளக் குழாய் மாட்டித் திருப்புங்கள். இல்லையென்றால் நட்டை வெட்டி எடுங்கள்.

ஒட்டுவது பற்றிச் சுருக்கமாக. சீமைக்கருவேல் முள் குத்தியிருந்தால் டியூபை மட்டும் ஒட்டி மாட்டிவிடக் கூடாது. டயருக்குள் துணியை வைத்துத் தடவினால் முறிந்த நுனி சிக்கும். வாய்க்கால் தண்ணீரில் ஓட்டை தேடிய டியூபை நன்றாகக் காயவிட்டு, தேய்த்து, சொல்யூஷன் ஒட்டுப்பதம் வந்த பிறகுதான் பேட்ச். கரை ரோட்டில் வரும் ஜீப், பிக்கப் டயர்களில் கயிறு பஞ்சர் (ஓட்டையில் ரப்பர் கயிறு செருகி அடைப்பது) போடுவதாக இருந்தால் பட்டன் பகுதியில் 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டைக்கு மட்டும். அதுவும் கடை வரும் வரைதான். கடையில் டயரைக் கழற்றி உள்ளே பேட்ச் போட வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னிதான்.

மாட்டும்போது ரிம்முக்கும் டிஸ்குக்கும் (ரிம்மைத் தாங்கும் நடுத் தட்டு) நடுவில் ஒட்டியிருக்கும் சேற்றைச் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள். இன்று ஈரமாக இருக்கும்போது நட் இறுகினாற்போல் இருக்கும். நாளை அந்தக் களிமண் காய்ந்து உதிர்ந்ததும் நட் தளர்ந்துவிடும். எதிரெதிராக இறுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்குங்கள். பின் டயரின் அம்புக்குறி வண்டி முன்னே போகும் திசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். திருப்பி மாட்டினால் சேறு உதிராமல் அப்பிக்கொண்டு டயர் வழுக்கும்.

எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடும்போது டயரில் அச்சிட்டிருக்கும் அளவு, டியூப் உள்ளதா இல்லையா, உள்ளே தண்ணீர் ஏற்றியிருக்கிறதா, பின்னால் என்ன மாட்டியிருக்கிறது, வண்டி வயலிலா கரையிலா என்று சொல்லிவிடுங்கள். டயரையும் தரையையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் நல்லது. எத்தனை பலகை எடுத்துவர வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும். நாங்கள் வந்து சேரும் வரை யாரும் ஜாக்கி போட வேண்டாம்.