எட்டில் ஏழு வயல்

திருப்பூரில் பனியன் துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி என்றால் துண்டு 1.8 கிராம் இருக்க வேண்டும். குறைந்தால் துணி மெலிசு என்று திரும்பி வரும். கூடினால் அதே கிலோ துணியில் வெட்டும் உருப்படிகள் குறையும். இரண்டு பக்கமும் நட்டம் என்பதால் இங்கே குறைவு, கூடுதல் இரண்டையும் பார்க்கும் இருமுனைச் சோதனை. நூலின் வலிமை வேறு கதை. அறுந்துபோகிற நூல்தான் தொல்லை. சொன்னதைவிட உறுதியாக இருக்கிறது என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனை போதும்.

ஈரோட்டு மஞ்சள் வயலுக்குப் போனால் இத்தனை எளிதில்லை. புதிய உரம் ஒன்றைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு வயல்கள். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, ஒரு பாதிக்கு மட்டும் புது உரம். அறுவடையில் ஏழு வயல்களில் அந்தப் பாதியே அதிகம் விளைந்திருக்கிறது.

உரத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் கொள்வது இன்மைக் கருதுகோள். அப்படியானால் ஒவ்வொரு வயலும் பூவா தலையா ஆட்டம்தான். எட்டு முறை சுண்டினால் 256 விதமாக விழலாம்; அவற்றில் ஏழோ எட்டோ பூ விழுவது 9 விதம். 3.5 சதவீதம். இதற்குள் இருந்தால் ‘தற்செயல் இல்லை’ என்று கொள்ளும் வழக்கமான 5 சதவீத எல்லைக்குள் வந்தாயிற்று. (அந்த எல்லையை 1925இல் தம் புத்தகத்தால் பரப்பிய புள்ளியியலாளர் ஃபிஷரும் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் நிலையத்தில் உர வயல்களோடு மல்லுக்கட்டியவர்தான்.)

ஆனால் ஏழு வயல்களில் விளைச்சல் குறைந்திருந்தால், அதையும் ஒரு முடிவாக அறிவித்திருப்பீர்களா? ஆம் என்றால் அந்தப் பக்கத்து 9ஐயும் சேர்த்தாக வேண்டும். 256இல் 18, ஏறத்தாழ 7 சதவீதம். எல்லையைத் தாண்டிவிட்டது.

விளைச்சலைப் பார்த்துவிட்டு, அது சாய்ந்த பக்கத்தையே ஒருமுனையாக வைத்துக்கொள்வது அழுகுணி ஆட்டம். 3.5 என்று எழுதிக்கொண்டு உண்மையில் 7 சதவீதம் ஏமாற வழிவிடுகிறோம். ‘உரம் பலன் தரும் என்றுதான் நம்பினோம்’ என்பதும் காரணமாகாது. எதிர்த்திசை முடிவும் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதும் நமக்கு ஒன்றேயானால்தான் ஒருமுனை செல்லும். உரம் வாங்கலாமா என்று மட்டும் பார்க்கும் விவசாயிக்கு அது ஒன்றுதான். இரண்டிலும் அவர் வாங்கப் போவதில்லை. கிழங்கு சிறுத்துப்போனதைக் கண்ட ஆய்வாளர் அப்படி வாயை மூடிக்கொள்ள முடியாது, அவருக்கு இருமுனைதான்.

மஞ்சள் நடவு வைகாசியில், வெட்டு தை மாசியில். எந்தச் சோதனை என்பதை நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டியது வைகாசியில்.