மடியில் தங்கிவிடும் வெண்ணெய்

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஏனுங்க, ரண்டு ஜெர்சிக் கலப்பு மாடு வெச்சிருக்கறனுங்க. அதே சோளத்தட்டு, அதே புண்ணாக்கு. பால் பீச்ச வர்ற ஆளு மாறுனதுல இருந்து வேளைக்கு அரை லிட்டரு கொறையுது, பால் ஊத்துற சொசைட்டியில கொழுப்பும் எறங்கிப்போச்சு. கண்ணு பட்டுருச்சு, மந்திரிக்கலாம்னு வீட்ல சொல்றாங்க. டாக்டரு, மாட்டை நல்லாப் பாத்துக்கங்கங்கறாரு. நல்லாப் பாத்துக்கிட்டா காசு வருமுங்களா?"

வரும். எல்லாவற்றுக்கும் வராது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் இவர் இழக்கும் அந்த அரை லிட்டர், முதல் போடாமலே திரும்பி வரக்கூடியது.

மாடு தின்பது, அசைபோடுவது, மடி ரத்தத்திலிருந்து பாலை உண்டாக்குவது எல்லாம் பள்ளியில் படித்ததுதான். பால் உண்டான பிறகு நடப்பதுதான் இங்கே விஷயம்.

மடியில் இருக்கும் பாலில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் காம்புக்கு மேலே உள்ள அறையில் தேங்கி நிற்கும். மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளுக்குள் இருக்கிறது. கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் அதை இழுத்துவிட முடியாது. ஒவ்வொரு நுண்பையையும் கூடைப்பின்னல்போலச் சுற்றியிருக்கும் தசைச்செல்கள் சுருங்கிப் பிழிய வேண்டும். அதற்கு உத்தரவு கொண்டுவருவது ஆக்ஸிடோசின். கன்று முட்டினாலோ ஈரக்கை காம்பில் பட்டாலோ சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போகும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசினை ரத்தத்தில் விடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மடி பிழியத் தொடங்கும்.

என் அப்பத்தா இதை விடிகாலையில் கட்டுத்தரையில் தினமும் பார்த்தவர். மடியைக் கழுவி, விளக்கெண்ணெய் தொட்ட விரலால் காம்பை நீவிக்கொண்டே மாட்டிடம் ஏதாவது பேசுவார். சுருங்கிக் கிடந்த காம்பு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருத்துப் பளபளக்கும். "எறக்கிட்டா" என்பார். அப்புறம்தான் போசியை முழங்காலுக்கு நடுவே இடுக்குவார். அதன் பிறகு நாயைக்கூடப் பக்கத்தில் விடமாட்டார். ஆக்ஸிடோசின் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். அதற்குள் பீச்சி முடித்தாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் மாட்டை முதுகில் ஒன்று போட்டால்? அட்ரினலின் ஊறும். மடிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தசைச்செல்கள் உத்தரவைக் கேளாமல் நிற்கும். இடமோ ஆளோ புதிதாக இருந்தால் ஆக்ஸிடோசின் மூளையிலிருந்தே சரியாகப் புறப்படாது. அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் 1941இல் வெளியிட்ட ஆய்வில், மாட்டின் அருகே காகிதப் பைகளை ஊதி வெடித்துப் பயமுறுத்தியே பால் இறங்காமல் போவதைக் காட்டினார்கள். "மாடு பாலை அடக்கிக்கிச்சு" என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். மாடு வேண்டுமென்று அடக்குவதில்லை, பயந்த உடம்பு பூட்டிக்கொள்கிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் கொழுப்பு. முதலில் பீச்சும் பால் நீர்த்திருக்கும், கடைசியில் வருவது ஊத்துக்குளி வெண்ணெயை நினைவூட்டும் அளவுக்குக் கெட்டி. கொழுப்புத் துளிகள் நுண்பைகளிலும் மெல்லிய குழாய்களிலும் பின்தங்கி, கடைசிப் பிழியலில்தான் வெளியேறுகின்றன. அதனால் பயந்த மாடு உள்ளே வைத்துக்கொள்வது பாலின் ஆகக் கொழுத்த பகுதி. சொசைட்டியில் கொழுப்பைப் பார்த்துத்தானே விலை? லிட்டரும் குறைந்து, லிட்டருக்கான விலையும் குறைகிறது. தங்கிய கொழுப்பில் ஒரு பங்கு அடுத்த வேளை வரும் என்பது உண்மை. ஆனால் மடியில் பால் தங்கத் தங்க, சுரக்கும் செல்கள் வேகத்தைக் குறைத்துவிடும். மடிநோய்க் கிருமிகளுக்கும் அது நல்ல தீனி.

லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேளைக்கு அரை லிட்டர் என்றால் நாளைக்கு ஒரு லிட்டர், மாதம் 1,050 ரூபாய். கொழுப்பில் விழும் அடி தனி. மந்திரிக்கிறவருக்குக் கொடுக்கும் காசு இதன்மேல் ஏறுகிறது. கண்ணேறு என்று சொல்லிவிட்டால் அந்தப் புது ஆளின் கையை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பதுதான் என் கோபம். ஆக்ஸிடோசின் ஊசி போட்டு இறக்குவது அதைவிட மோசம். மாட்டின் உடல்நலத்தைக் கெடுத்துப் பால் கறக்க ஊசி போடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, வராத காசு. ஜெர்சிக் காளைக்கன்றை நன்றாக வளர்த்தால் பால்காசில் ஒரு பைசா கூடாது. உழவு டிராக்டருக்குப் போய்விட்டது, கன்று குடிக்கும் பாலோ விற்கிற பால். இந்தச் செலவை இரண்டு மாடு வைத்திருப்பவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. பால் வாங்குகிறவர்களும் அரசும் பங்கு போட வேண்டும். விந்தூசிக்கும் புது இனத்துக்கும் செலவழிக்கிற ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு சிறு பங்காவது, நம் கட்டுத்தரைகளில் மாட்டை எப்படித் தொடுகிறோம் என்பதை அளக்கப் போகட்டும்.

பெருந்துறைக்காரருக்கு: ஆளை மாற்ற வேண்டியதில்லை. தீவனம் வைக்கும்போதும் அவரையே வரச் சொல்லுங்கள், தடியை வெளியே வைத்துவிட்டு வரட்டும். மடி கழுவி ஒரு நிமிடம் பொறுத்துப் பீச்சட்டும், கடைசிச் சொட்டுவரை. பத்து நாள் சொசைட்டி அட்டையில் விழும் கொழுப்பு எண்களை எனக்கு அனுப்புங்கள், இரண்டு வேளைக்கும் தனித்தனியாக.